சிசி பெரிதென்றால் வேகமா? வண்டி எடுக்குமுன் ஒரு புல்லிங் கணக்கு

பள்ளிகொண்டாவில் இருக்கும் என் மச்சான் போன மாதம் போன் செய்தார். "மாமா, பையனுக்கு வேலூர்ல வேலை கெடச்சிடுச்சி. தெனம் போய் வர்றதுக்கு வண்டி எடுக்கணும். இன்னா வண்டி எடுக்கலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நான்கு பேர் சொன்ன யோசனையை ஒப்பித்தார். டீக்கடையில், "350 சிசி எடு, பறக்கும்." பக்கத்து வீட்டில், "மைலேஜ் பார், மத்ததெல்லாம் வீண்." பையனின் நண்பன், "200 சிசி டியூக் முன்னாடி புல்லட்லாம் நிக்காது." மெக்கானிக் பாய் மட்டும், "எதுக்கு ஓட்டப் போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாராம்.

பாய் கேட்டதுதான் கேள்வி. மற்ற மூவரும் பொய் சொல்லவில்லை. பிக்கப், புல்லிங், பவர், சிசி என்ற நான்கு சொற்களை ஒரே பொருளில் போட்டுக் குழப்புகிறார்கள். இந்தக் குழப்பம் தீர்ந்தால், நம் பக்கத்தில் பால்காரர் ஏன் டிவிஎஸ் எக்ஸெல்லை விடுவதில்லை, கல்லூரிப் பையன் ஏன் டியூக் கேட்கிறான், அரசு வேலையில் இருப்பவர் ஏன் ஸ்ப்ளெண்டரோடு நிறுத்திக்கொள்கிறார் என்பதெல்லாம் புரிந்துவிடும்.

## சிசி என்றால் கொள்ளளவு, அவ்வளவுதான்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அகலம் ஒன்று. கைப்பிடியை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் ஒரு தடவைக்கு எவ்வளவு காற்று உள்ளே வரும் என்பதை முடிவு செய்கின்றன.

இன்ஜினும் அப்படித்தான். சிலிண்டர் என்பது குழாய். பிஸ்டன் என்பது அதற்குள் மேலும் கீழும் போய்வரும் அடைப்பு. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். அந்த ஒரு ஓட்டத்தில் பிஸ்டன் காலி செய்யும் இடத்தின் அளவுதான் சிசி, அதாவது கன சென்டிமீட்டர்.

ஆக, சிசி என்பது படி, ஆழாக்கு மாதிரி ஓர் அளவு. அரைப் படி அரிசியா, ஒரு படியா என்று சொல்லும். அந்த அரிசியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை உலையில் போடுகிறோம் என்று சொல்லாது. வேகத்துக்கு அந்த இரண்டாவது கணக்கும் வேண்டும்.

## வீல் ஸ்பேனரும் ஒரு துண்டு பைப்பும்

லாரி டயர் பஞ்சரானால் கடைப் பையன் என்ன செய்வான் என்று பார்த்திருப்பீர்கள். நட்டு இறுகிப்போய் அசையாது. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளமான இரும்பு பைப்பைச் சொருகி, அதன் நுனியில் ஏறி மிதிப்பான். அதே ஆள், அதே எடை, ஆனால் நட்டு கழன்றுவிடும். பிடி நீண்டதால் முறுக்கு கூடியது.

இதைத்தான் முறுக்குவிசை என்கிறோம். ஷோரூமில் டார்க் என்பார்கள். நியூட்டன் மீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் சுமார் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு 1 நியூட்டன் மீட்டர். ஸ்ப்ளெண்டரின் அதிகபட்ச டார்க் 8.05. அதாவது அந்தக் கம்பி நுனியில் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. இவ்வளவு சின்ன முறுக்கு எப்படி புருஷன், பெண்டாட்டி, குழந்தை, அரிசிப் பை எல்லாவற்றையும் இழுக்கிறது? அது கியர் செய்யும் வேலை. பின்னால் வருகிறேன்.

நம் ஊரில் புல்லிங் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான், குறிப்பாக இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும் முறுக்கை.

## மார்க்கெட்டில் இரண்டு ஆட்கள்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் நின்றால் மூட்டை இறக்குபவர்களைப் பார்க்கலாம். ஒருவர் 50 கிலோ மூட்டையைத் தோளில் போட்டு நிமிடத்துக்கு ஒரு நடை போகிறார். இன்னொரு இளவட்டம் 25 கிலோதான் தூக்குகிறான், ஆனால் நிமிடத்துக்கு இரண்டு நடை. லாரி காலியாகும் வேகம் இருவரிடமும் ஒன்றே.

ஒரு நேரத்துக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான் திறன், அதாவது பவர். குதிரைத்திறன் என்று சொல்வது இந்த அளவு. ஒரு சுற்றில் எவ்வளவு முறுக்கு என்பதையும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கினால் திறன் வந்துவிடும். அந்தச் சுற்று எண்ணிக்கைதான் ஆர்பிஎம்.

சரி, இதுவரை வந்ததைத் திரும்பப் பார்ப்போம். சிசி என்றால் எவ்வளவு கொள்ளும். டார்க் என்றால் ஒரு தடவையில் எவ்வளவு தூக்கும். பவர் என்றால் நிமிடத்தில் எவ்வளவு முடிக்கும். முதுகில் பெரிய மூட்டை இருப்பவர்தான் சீக்கிரம் முடிப்பார் என்று கட்டாயமில்லை.

## அகலம் ஒன்று, குணம் வேறு

டீக்கடைச் சண்டைக்கே வருவோம். ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, கேடிஎம் டியூக் 200. பலர் கவனிக்காத ஒரு விஷயம்: இரண்டின் சிலிண்டர் அகலமும் ஒன்றே, 72 மில்லிமீட்டர். வித்தியாசம் ஸ்ட்ரோக்கில்தான். கிளாசிக்கில் பிஸ்டன் 85.8 மில்லிமீட்டர் ஓடுகிறது. டியூக்கில் 49 மட்டும். அதனால்தான் ஒன்று 349 சிசி, இன்னொன்று 199.5 சிசி.

இப்போது எண்களைப் பாருங்கள். கிளாசிக்கின் டார்க் 4,000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர். டியூக்கில் 8,000 ஆர்பிஎம்மில் சுமார் 19. முறுக்கில் கிளாசிக் அடித்துவிட்டது. பவர்? கிளாசிக்கில் 6,100 ஆர்பிஎம்மில் சுமார் 20 குதிரைத்திறன். டியூக்கில் 10,000 ஆர்பிஎம்மில் சுமார் 25. சிசி 150 குறைவாக இருக்கும் வண்டி பவரில் முந்திவிட்டது. எடையும் அதற்குக் குறைவு. கிளாசிக் 195 கிலோ.

ஏன் இப்படி? பிஸ்டன் கிராங்க் என்ற அச்சைச் சுற்றிவிடுகிறது. அந்தக் கிராங்கின் கை, ஸ்ட்ரோக்கில் பாதி நீளம். கிளாசிக்கில் சுமார் 43 மில்லிமீட்டர், டியூக்கில் 24.5. பைப் சொருகிய ஸ்பேனரும் சொருகாத ஸ்பேனரும்தான். நீளமான கைக்கு முறுக்கு அதிகம்.

ஆனால் நீளத்துக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நின்று திரும்ப வேண்டும். ஓடும் தூரம் அதிகமானால், அதே நேரத்துக்குள் போய்த் திரும்ப இன்னும் வேகமாக ஓட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் உலோகம் தாங்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாசிக் 6,100 ஆர்பிஎம்மில் சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டுகிறது. டியூக் 10,000 ஆர்பிஎம்மிலும் 16 மீட்டர் சொச்சம்தான். ஒன்று பதறாமல் சுற்றுகிற மாதிரி தெரிகிறது, இன்னொன்று கத்துகிற மாதிரி தெரிகிறது. உள்ளே இரண்டு பிஸ்டனும் ஏறத்தாழ ஒரே ஓட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து யார் வண்டி பெரிது என்ற சண்டையில் கலந்துகொள்வதில்லை.

## எக்ஸெல்லின் ரகசியம்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம் எல்லாம் டிவிஎஸ் எக்ஸெல்லில்தான் நகரும். 1980இல் வந்த டிவிஎஸ் 50இன் வம்சம் அது. முன்னால் கால் வைக்கும் தட்டில் ஒரு மல்லாட்டை மூட்டை, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இன்னொன்று, நடுவில் ஓட்டுபவர். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்த வண்டி அதற்கென்றே செய்யப்பட்டது.

எக்ஸெல் 100இன் பவர் சுமார் 4.4 குதிரைத்திறன், ஸ்ப்ளெண்டரில் சுமார் 8. பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஆனால் டார்க் 6.5, ஸ்ப்ளெண்டரின் 8.05இல் ஐந்தில் நான்கு பங்கு. அதுவும் 3,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டர் தன் முழு முறுக்கைக் காட்ட 6,000 வரை போக வேண்டும். கியர் மாற்றும் வேலையும் எக்ஸெல்லில் இல்லை. வண்டி எடை 90 கிலோவைத் தொடாது, மணலில் சிக்கினால் ஓர் ஆள் தள்ளி வெளியே கொண்டுவரலாம்.

இதற்கும் விலை உண்டு. நான்கு வழிச் சாலையில் 60க்கு மேல் போகச் சொன்னால் முனகும். பால்காரருக்கு அது ஒரு குறையே அல்ல. இரண்டு கேனும் நிறைந்திருக்கும்போது அவர் ஏன் 80இல் போகப் போகிறார்?

## கியர் என்ன செய்கிறது

சைக்கிளில் முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது. ஒரு மிதிக்குப் பின் சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றும். வேகம் கிடைக்கும், ஆனால் ஏற்றத்தில் கால் கெஞ்சும். மோட்டார் வண்டியில் அப்படியே தலைகீழ். முன்னால் சின்னது, பின்னால் பெரியது. உதாரணத்துக்கு முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், முன் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்றினால்தான் பின் பல்சக்கரம் ஒரு சுற்று. வேகம் மூன்றில் ஒன்றாகிறது, முறுக்கு மூன்று மடங்காகிறது. இந்த மடங்குதான் கியர் விகிதம். கியர் பெட்டிக்குள்ளும் இதே பெருக்கல் நடக்கிறது. முதல் கியரில் மடங்கு அதிகம், மேலே போகப் போகக் குறையும். மூன்று பேர் வண்டியை அந்தச் சின்ன முறுக்கு இழுப்பது இப்படித்தான்.

இதை ஏலகிரியில் நன்றாக உணரலாம். 14 கொண்டை ஊசி வளைவுகள். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 112 கிலோ ஸ்ப்ளெண்டரில் 130 கிலோவுக்கு இரண்டு பேர் ஏறினால், புவியீர்ப்பு சுமார் 24 கிலோ எடை அளவுக்குப் பின்னால் இழுக்கும். கிளாசிக்கில் அதே இருவர் என்றால் 32 கிலோவுக்கு மேல். வண்டியின் எடையையும் சேர்த்துத்தானே மலை ஏற்ற வேண்டும்.

வளைவில் வேகம் குறைகிறது. கிளாசிக்காரர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் போதும், கீழ் ஆர்பிஎம்மிலேயே முறுக்கு இருப்பதால் முக்காமல் எழுந்துவிடும். டியூக் ஓட்டுபவர் அதே கியரில் திருகினால் வண்டி திணறும். உடனே, "சின்ன சிசி, மலை ஏறாது" என்று தீர்ப்பு. தவறு. அவர் ஒரு கியர் இறக்கி இன்ஜினை வேகமாகச் சுற்றவிட்டால், கிளாசிக்கை விடச் சீக்கிரம் மேலே போய் நிற்பார். மலை ஏற்றும் வேலையை முடிப்பது பவர்தான். கியரைத் தொடாமல் சோம்பேறியாக ஏற விடுவது கீழ் ஆர்பிஎம் டார்க். ஒருவருக்குக் கியர் போட்டு விளையாடப் பிடிக்கும், இன்னொருவருக்கு மனைவியோடு பேசிக்கொண்டே ஏறப் பிடிக்கும். இதில் யாரும் ஏமாறவில்லை.

சுருக்கமாக: புல்லிங் நல்லா இருக்கு என்றால் கியர் இறக்காமலே இழுக்கிறது என்று பொருள். பிக்கப் நல்லா இருக்கு என்றால் வேகம் சட்டென்று ஏறுகிறது என்று பொருள். அதற்கு எடைக்கேற்ற பவர் வேண்டும். முன்னது கிளாசிக், பின்னது டியூக். ஸ்ப்ளெண்டர் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்.

## மைலேஜ் கணக்கில் எல்லோரும் தடுக்கி விழும் இடம்

மைலேஜ் எவ்வளவு என்று கேட்காமல் நம் ஊரில் எந்த வண்டியும் விற்றதில்லை. ஆனால் அந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஓடும் தூரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மச்சான் பையன் போய் வர நாளைக்கு 45 கிலோமீட்டர் என்று வைப்போம். மாதம் 26 நாள் என்றால் 1,170 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 19.5 லிட்டர். 35 கொடுக்கும் வண்டிக்கு 33.5 லிட்டர் அளவு. 14 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் 1,400. முதல் சம்பளக்காரனுக்கு இது உறைக்கும் தொகை. அதே வண்டிகளை சத்துவாச்சாரியிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு இது மாதம் சில நூறுகூட வராது. அவர் மைலேஜுக்காகப் பிடிக்காத வண்டியை எடுத்தால் அது சிக்கனமில்லை, பழக்கம்.

இன்னொன்று. லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டியை விட்டு 70 கொடுப்பதை வாங்கினால் 100 கிலோமீட்டருக்கு மிச்சம் கால் லிட்டர் கூட இல்லை. 30 கொடுப்பதை விட்டு 40 கொடுப்பதை வாங்கினால் மிச்சம் 0.8 லிட்டருக்கு மேல். இரண்டும் அதே பத்து கிலோமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பெட்ரோலில் மூன்று மடங்குக்கு மேல். மைலேஜ் ஏற்கெனவே நன்றாக இருக்கும் வண்டிகளுக்குள் ஐந்து, பத்துக்குச் சண்டை போடுவது வீண்.

அப்புறம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40இல் போனவன் 80இல் போனால் மைலேஜ் விழத்தான் செய்யும். வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலையில் முறுக்கிக்கொண்டு வந்துவிட்டு, "கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் கெடைக்கல" என்று மெக்கானிக்கிடம் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## ஆர்எக்ஸும் தடதடப்பும்

இதுவரை போட்ட கணக்குக்குள் அடங்காத ஒரு வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத்திறன். கிட்டத்தட்ட அதே சிசி ஸ்ப்ளெண்டருக்கு 8. காரணம், ஆர்எக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். இப்போதைய வண்டிகளில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் பெட்ரோல் வெடிக்கும். ஆர்எக்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். கூடவே எரியாத பெட்ரோலும் எண்ணெய்ப் புகையும் வெளியே போகும். 1996ஓடு அதன் தயாரிப்பு நின்றது. அதற்குப் பிறகு பிறந்த பையன்கள் இன்று பழைய ஆர்எக்ஸுக்கு அலைகிறார்கள். எந்தக் கணக்கும் அவர்களுக்குத் தேவையில்லை. அந்தச் சத்தம் போதும்.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. கிளாசிக் 2,400 ஆர்பிஎம்மில் போகும்போது நொடிக்கு 20 வெடிப்பு. காது அவற்றைத் தனித்தனி அடியாகப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் அந்தத் தடதட. டியூக் 7,200இல் போகும்போது நொடிக்கு 60. அடி அடியாகக் கேட்காது, ஒரே ரீங்காரம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லலாம். அவரவருக்குப் பிடித்தது.

## பேப்பரில் இல்லாத எண்கள்

என் முதல் வண்டி 150 சிசி, பின் சீட் தூக்கலாக இருக்கும். டார்க், பவர், மைலேஜ் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து சிஎம்சிக்கு அழைத்துப் போக வேண்டிய அன்றுதான் தெரிந்தது, புடவை கட்டியவர் ஒருக்களித்து உட்கார அதில் இடமே இல்லை. வீட்டுத் திண்ணையில் நிற்கவைத்து ஏற்றப் பார்த்தேன். இரண்டு தடவை முயன்றுவிட்டு, "நீ போ, நான் ஆட்டோல வர்றேன்" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நான் காத்திருந்தேன். இரண்டு வருடத்தில் விற்றுவிட்டேன்.

ஸ்ப்ளெண்டர் 1994 முதல் ஓடுவதற்கு அதன் 8 குதிரைத்திறன் மட்டும் காரணமில்லை. நீளமான தட்டை சீட், சேலைக்குக் கம்பி வலை, ஒடுகத்தூர் மாதிரி சின்ன ஊரிலும் உதிரி பாகம், எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜின், விற்கப் போனால் விலை. இதையெல்லாம் எந்த விளம்பரத்திலும் எண்ணாகப் போட முடியாது. ஆனால் வாங்குகிறவர் மனதில் ஓடுவது இதுதான். வெளியே கேட்டால் மட்டும் மைலேஜ் என்பார்.

மச்சானிடம் 1,400 ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். அவர் பையனிடம் சொன்னார். பையன் எனக்கே போன் செய்தான். "மாமா, அந்த 1,400 நானே என் சம்பளத்துல கட்டிக்கறேன். எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும்." காரணம் தெளிவாக இருந்தது, நான் மறுக்கவில்லை. கிளாசிக் எடுத்துவிட்டார்கள். போன ஞாயிறு போயிருந்தேன், மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு வழிவிட ஓரமாக நகர்த்திய எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு மச்சான் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.